ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தெரபியும் பள்ளியும்: முதல் ஓராண்டைத் திட்டமிடுவது எப்படி?

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எந்த சென்டரில் சேர்க்கலாம்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தெரபி வேண்டும்?" சிறப்பாசிரியராக வேலை செய்யும் எனக்கு அந்த அவசரம் நன்றாகப் புரிகிறது. இணையத்தில் தேடினால் ஐந்து வயதுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் செய்ய வேண்டிய மூன்று வேலைகள் இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டால் எந்த சென்டர், எத்தனை மணி நேரம், எந்தப் பள்ளி என்பதில் பாதி தானாகவே தெளிவாகிவிடும்.

இரண்டிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக, தமிழ்நாட்டில் இன்று கிடைக்கும் வசதிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: சந்தேகம் வந்த வாரமே கிளம்புங்கள்

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்கப்பனும் அப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பாசத்தில்தான். ஆனாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது, முன்பு பேசிய நாலு வார்த்தையும் நின்றுபோவது, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் நல்லதுதானே.

முதலில் காது. டிவியில் விளம்பரப் பாட்டு கேட்டதும் ஓடி வருகிறான், அதனால் காது கேட்கிறது என்று முடிவு செய்ய முடியாது. காது கேட்கிறதா என்று பார்க்க ஓஏஇ, பெரா என்ற பரிசோதனைகள் இருக்கின்றன. சிறு குழந்தைகளுக்கும் செய்யலாம். இது முடியாமல் ஸ்பீச் தெரபி தொடங்க வேண்டாம்.

அடுத்து, குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவர். தனியாரில் டெவலப்மென்டல் பீடியாட்ரீஷியன் என்று கேளுங்கள். குழந்தை மனநல மருத்துவரும் பார்ப்பார். அரசு வழியில் போக நினைத்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கும். டிஇஐசி என்று சொன்னால் அங்கே எல்லோருக்கும் தெரியும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்தவை இவை. பரிசோதனையும் தெரபியும் இலவசம். சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசின் என்ஐஇபிஎம்டி நிறுவனமும் இருக்கின்றன. வேலூர் சிஎம்சியில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம் கிராமங்கள் வரை போய்ச் சிறு பிள்ளைகளுக்கான பயிற்சியைச் செய்கிறது.

அங்கே உங்களிடம் கேள்வித்தாள் வைத்துக் கேட்பார்கள், குழந்தையோடு விளையாடிப் பார்ப்பார்கள். ஆட்டிசத்தை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. எம்ஆர்ஐ, இஇஜி எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவையும் இல்லை. வலிப்பு, திடீரென்று திறமைகள் குறைவது போன்ற காரணம் இருந்தால் டாக்டரே சொல்வார். காரணம் சொல்லாமல் பெரிய பட்டியல் எழுதிக் கொடுத்தால், "இது எதுக்கு டாக்டர், முடிவு எப்படி வந்தால் என்ன மாறும்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இது ஆட்டிசம்தானா என்று உறுதியாகத் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கீழே சொல்லும் வீட்டு வேலைகள் எதற்கும் சான்றிதழ் தேவையில்லை.

இரண்டாவது வேலை: இரண்டு வாரக் குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இரண்டு வாரம் குழந்தையைத் திருத்தாமல், சொல்லிக் கொடுக்காமல், பார்த்து மட்டும் எழுதுங்கள். பல பெற்றோருக்கு இதுதான் சிரமமாக இருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும்.

எதையெல்லாம் எழுதலாம்? வேண்டியதை எப்படிக் கேட்கிறாள்: அழுதா, இழுத்தா, பொருளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தா, டிவியில் கேட்ட வரியைத் திருப்பிச் சொல்லியா. எதில் தானாகவே பத்து நிமிடம் உட்காருகிறாள்: தண்ணீரா, சக்கரமா, அரிசியை அள்ளிக் கொட்டுவதா. எந்தச் சத்தம் ஆகவில்லை: மிக்ஸியா, குக்கர் விசிலா, கல்யாண மண்டபத்துக் கெட்டிமேளமா. எந்தத் துணி உடம்பில் நிற்பதில்லை. என்ன சாப்பிடுகிறாள், எதைத் தொடவே மாட்டாள். எத்தனை மணிக்குத் தூக்கம், இரவில் எத்தனை முறை விழிப்பு. மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை.

கடைசி இரண்டும் தெரபிக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் மூன்று நாளாக மலம் போகாத பிள்ளையை உட்கார வைத்து வண்ணம் சொல்லிக் கொடுக்க யாராலும் முடியாது. பேச வராத குழந்தை திடீரென்று தலையில் அடித்துக்கொள்ளவோ கடிக்கவோ தொடங்கினால், முதலில் பல், காது, வயிறு மூன்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாததுதான் பல சமயம் "பிஹேவியர் பிரச்சினை" என்று பெயர் வாங்குகிறது.

கோபமோ அழுகையோ வரும்போது மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பிறகு என்ன கிடைத்தது அல்லது எது நின்றது. ஒரு வாரத்திலேயே ஒரு ஒழுங்கு தெரிய வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தினமும் மாலை ஐந்தரைக்கு ரகளை. குறிப்பெடுத்துப் பார்த்ததில் அது பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும் நேரம். அந்த நேரத்தில் குழந்தையை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகத் தொடங்கியதோடு அது முடிந்தது.

மூன்றாவது வேலை: மூன்று இலக்கு மட்டும்

"பேசணும், எல்லாரையும் போல ஆகணும்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் திட்டம் போட முடியாது. அடுத்த மூன்று மாதத்தில் வீட்டில் எது மாறினால் குழந்தைக்கும் உங்களுக்கும் மூச்சு விட முடியும்? அப்படி மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று தொடர்பு சார்ந்தது, ஒன்று அன்றாட வேலை சார்ந்தது, ஒன்று குழந்தையின் நிம்மதி அல்லது பாதுகாப்பு சார்ந்தது.

எழுதும்போது கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய மாதிரி எழுதுங்கள். "தண்ணீர் வேண்டும் என்பதைப் படத்தைக் கொடுத்தோ, கையைக் காட்டியோ, சொல்லியோ ஒரு நாளில் ஐந்து முறையாவது அழாமல் கேட்பான்." "நினைவூட்டினால் பகலில் கழிவறையில் சிறுநீர் கழிப்பான்." "முடி வெட்டும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்காது." இந்த மாதிரி.

கண்ணைப் பார்த்துப் பேச வைப்பது, கையை உதறுவதை நிறுத்துவது இரண்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கை உதறுவது பெரும்பாலும் அந்தக் குழந்தை தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி, அல்லது சந்தோஷம். யாருக்கும் அடிபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கண் பார்க்கச் சொல்லி வற்புறுத்தப்பட்டது எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதை வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் கேட்க வேண்டும்.

இப்போது தெரபி: யார் எதற்கு?

உங்கள் மூன்று இலக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனால் யார் தேவை என்று புரியும். ஸ்பீச் தெரபிஸ்ட் வேலை பேச்சு மட்டும் இல்லை. படம், சைகை, செயலி என எந்த வழியிலாவது குழந்தை தன் தேவையைச் சொல்ல உதவுவது. சாப்பிடுவதில், மெல்லுவதில் உள்ள சிக்கலையும் பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பெற்றோர் வாயில் 'ஓடி', சட்டை போடுவது, ஸ்பூன் பிடிப்பது, சத்தம், தொடுகை போன்றவற்றைப் பழக்குவது ஆகியவற்றுக்கு. சிறப்பாசிரியர் கற்றலுக்கும் பள்ளி ஆயத்தத்துக்கும். ஏபிஏ என்று சொல்லப்படும் நடத்தைப் பயிற்சியைப் பல இடங்களில் முதலாவதாகப் பரிந்துரைப்பார்கள். விளையாட்டோடும் குழந்தையின் விருப்பத்தோடும் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. மேஜையில் உட்கார வைத்து, "கையைக் கட்டு, இங்கே பார்" என்று மணிக்கணக்கில் பயிற்றுபவர்களும் உண்டு. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் அறைக்குள் உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாரையும் ஒரே மாதத்தில் சேர்க்க வேண்டாம். பேசாத மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு ஸ்பீச் தெரபிஸ்டும், வீட்டில் என்ன செய்வதென்று உங்களுக்குச் சொல்லித் தரும் ஒரு சிறப்பாசிரியரும் போதுமான தொடக்கம். சத்தம், தொடுகை, தூக்கம் பெரிய பிரச்சினையாக இருந்தால் ஓடியில் தொடங்கலாம்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு வருவோம். வாரம் 40 மணி நேரம் என்ற எண்ணிக்கை 1987இல் கலிஃபோர்னியாவில் வெளியான ஒரு சிறிய ஆய்விலிருந்து பரவியது. 2024இல் 144 ஆய்வுகளை, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மணி நேரம் கூடக் கூடப் பலனும் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று அமர்வு மட்டுமே முடிகிறது என்றால் குழந்தையின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டதாகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். சென்னை போன்ற ஊர்களில் 45 நிமிட அமர்வுக்கு ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரை கேட்கிறார்கள். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து ஆறு மாதம் முழு நாள் தெரபிக்கு அனுப்பி, ஏழாம் மாதம் நிறுத்துவதை விட, மூன்று வருடம் தாங்கக்கூடிய அளவில் தொடங்குவது குழந்தைக்கு நல்லது.

சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- ஸ்பீச் தெரபிஸ்டும் சிறப்பாசிரியரும் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களா? பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. ஓடி அந்தக் கவுன்சிலின் கீழ் வராது; அவர்களிடம் பட்டப்படிப்பை விசாரியுங்கள்.
- அமர்வுக்குள் உங்களை உட்கார விடுகிறார்களா? "அம்மா இருந்தா ஒத்துழைக்க மாட்டான்" என்று சில நாள் சொல்லலாம். எப்போதுமே கதவைச் சாத்தினால் வேறு இடம் பாருங்கள்.
- ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய ஒன்றையாவது சொல்லித் தருகிறார்களா?
- உங்கள் மூன்று இலக்கை வாங்கிப் படித்தார்களா, அல்லது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அட்டவணையா?
- குழந்தை அழும்போது என்ன செய்கிறார்கள்? நிறுத்திக் காரணம் பார்ப்பவர் வேண்டும். அடிப்பது, இருட்டறை, சாப்பாட்டை நிறுத்துவது இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே விலகிவிடுங்கள்.
- "ஆறு மாசத்தில் நார்மல் ஆக்கித் தருகிறோம்" என்று உத்தரவாதம் தருகிறார்களா? அப்படித் தருபவரை நம்பாதீர்கள்.

கடைசி வரியைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவழித்த குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல, அதை விளம்பரப்படுத்துவதும் எழுதிக் கொடுப்பதும் மருத்துவர் நெறிமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோக நச்சை எடுக்கிறோம் என்று செய்யும் கீலேஷன் உயிருக்கே ஆபத்து; 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அதில் இறந்திருக்கிறான். கோதுமையும் பாலும் நிறுத்தும் உணவு முறைக்கும் நல்ல ஆதாரம் இல்லை. ஏற்கெனவே தயிர் சாதம் மட்டுமே சாப்பிடும் பிள்ளையிடம் தயிரையும் பிடுங்கிவிடாதீர்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம்.

வீடுதான் பெரிய வகுப்பறை

வாரத்துக்கு மூன்று அமர்வு என்றாலும் மீதி நேரமெல்லாம் குழந்தை உங்களோடுதான் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நடந்தது. நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். அவ்வளவுதான். பெற்றோர் குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்வது கூடியது. குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. இதை உங்கள் கைபேசியிலேயே செய்யலாம். ஐந்து நிமிட விளையாட்டைப் படம் பிடித்து, இரவில் இருவரும் உட்கார்ந்து பாருங்கள். குழந்தை உங்களை நோக்கிச் செய்த, அப்போது நீங்கள் கவனிக்காத சின்ன முயற்சிகள் கண்ணில் படும்.

செய்யும் முறை எளிது. குழந்தை சக்கரத்தைச் சுற்றினால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். "இது என்ன கலர்? இது என்ன?" என்று கேள்வி கேட்காமல், "சுத்துது, சுத்துது... நின்னுடுச்சு" என்று சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். அப்புறம் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தையின் பதில் வருகிறது. நாம் பெரும்பாலும் இரண்டாவது நொடியிலேயே அடுத்த வார்த்தையைப் பேசிவிடுகிறோம். ஊஞ்சலை ஆட்டி நடுவில் பிடித்து நிறுத்துங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், காலை ஆட்டுவது எது வந்தாலும் அதைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு உடனே ஆட்டுங்கள்.

எந்த மொழியில் பேசுவது? "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழின்னா குழம்பிடும்" என்று சில பள்ளிகளும் சில தெரபிஸ்ட்களும் சொல்கிறார்கள். இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு மேலும் தாமதமாகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவும் பாட்டியும் எந்த மொழியில் கொஞ்சுவார்களோ, சண்டை போடுவார்களோ, கதை சொல்வார்களோ அந்த மொழியில் பேசட்டும். சரளமில்லாத ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசி மற்ற நேரம் வீடே அமைதியாக இருப்பதுதான் குழந்தைக்கு இழப்பு.

பேச வராத குழந்தைக்குப் படங்களை இன்றே தொடங்கலாம். உங்கள் வீட்டுச் சொம்பு, தட்டு, ஊஞ்சல், வெளியே போகும் செருப்பு ஆகியவற்றையே படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் குழந்தையின் உயரத்துக்கு ஒட்டுங்கள். படத்தை எடுத்துக் கொடுத்தால் பொருள் கிடைக்கும் என்பது புரிந்ததும் பல வீடுகளில் அழுகை குறைகிறது. அடுத்த கட்டமாகக் கைக்கணினியில் தொட்டால் பேசும் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான அவாஸ் சென்னையிலேயே உருவானது. "படத்தைக் கொடுத்தால் பேசவே மாட்டானே" என்ற பயம் எல்லாருக்கும் வரும். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் தரவில்லை. பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குக் கூடியும் இருக்கிறது.

நாளின் ஒழுங்கையும் படமாக்குங்கள். முதலில் பல் தேய்ப்பது, அடுத்து ஊஞ்சல் என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைகளுக்கு வரும் பதற்றத்தில் பெரும்பங்கு. கல்யாணம், திருவிழா, தீபாவளி வெடிச் சத்தம், மொட்டை போடுவது எதுவானாலும் முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லுங்கள். காதை மூடும் ஹெட்ஃபோன் எடுத்துப் போங்கள். முகூர்த்தத்துக்கு இருந்துவிட்டுப் பந்திக்கு முன் கிளம்பினாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார்கள், அதுவும் தண்ணீரைத் தேடிப் போவார்கள். வீட்டுச் சம்ப் மூடிக்குப் பூட்டு, வாசல் கேட்டுக்கு உயரத்தில் தாழ்ப்பாள், சட்டைக்குள்ளோ கழுத்திலோ உங்கள் கைபேசி எண், தெருமுனைக் கடைக்காரருக்குக் குழந்தையின் முகம் அறிமுகம். கிணறு, குளம், கடல் பக்கத்தில் வசிப்பவர்கள் நீச்சல் பயிற்சியைத் தெரபி பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

சான்றிதழ் வேலை

ஆட்டிசம் என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஒன்று. சில அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக அரசு மருத்துவமனையில் ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலால் மதிப்பிடுவார்கள். அதில் மதிப்பெண் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். சிறு பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதோடு யூடிஐடி என்ற தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று தயங்குபவர்கள் நிறைய. அதை யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் நீட்டலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, ஒரு வரம்புக்குள் தெரபிச் செலவும் அதில் அடங்கும். பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு வருமானத்தில் 75,000 ரூபாய் வரை கழிவு உண்டு. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. மாநில அரசின் உதவித்தொகைக்கும் பிறவற்றுக்கும் ஆட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று எழுதியே தரச் சொல்லலாம்.

பள்ளி

இரண்டரை வயதில் ப்ளேஸ்கூல், மூன்றரையில் எல்கேஜி என்று ஊரே ஓடும்போது நாமும் ஓடத்தான் தோன்றும். ஆனால் பள்ளிக்கு முன்பே பேச வேண்டும், ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்பதெல்லாம் தேவையில்லை. வேண்டாம், போதும், கழிவறை, தண்ணீர் என்ற நான்கையும் ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க முடிந்தால் நல்ல தொடக்கம். அதுவும் வராவிட்டால் பள்ளிக்குத் தகுதியில்லை என்று பொருள் கிடையாது. கூடவே ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து அங்கன்வாடியை ஒதுக்காதீர்கள். சிறிய கூட்டம், தெரிந்த முகங்கள், நடந்து போகும் தூரம், பாடச் சுமை இல்லை. நல்ல மனமுள்ள டீச்சர் கிடைத்தால் பெரிய ப்ளேஸ்கூலை விடச் சில பிள்ளைகளுக்கு அது பொருந்துகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கும் வட்டார வள மையத்தில் (பிஆர்சி) சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. அதை ஒட்டிப் பள்ளி ஆயத்தப் பயிற்சி மையங்களும், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வந்து சொல்லித் தரும் ஏற்பாடும் இருக்கின்றன. உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம், "பிஆர்சி எங்கே?" என்று கேட்டால் வழி சொல்வார்.

சட்டம் என்ன சொல்கிறது? 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு 6 வயதிலிருந்து 18 வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கைக்குத் தேர்வோ நேர்காணலோ வைக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். மாவட்டக் கல்வி அலுவலரிடமும், அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் தரலாம். ஆனாலும் என் அனுபவத்தில், சட்டத்தைக் காட்டிச் சேர்த்த பள்ளியை விட, தலைமையாசிரியர் மனதார ஏற்றுக்கொண்ட பள்ளியில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். சட்டம் தெரிந்து வைத்திருங்கள். முதல் சந்திப்பில் அதை எடுக்க வேண்டாம்.

மே மாதச் சேர்க்கைக் கூட்டத்தில் போகாமல், ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். முதல் முறை குழந்தை இல்லாமல் போவது நல்லது. வகுப்பில் எத்தனை பேர், கழிவறை எவ்வளவு தூரம், காலை வழிபாட்டில் டிரம் அடிப்பார்களா, பிள்ளைக்குத் தாங்க முடியாமல் போனால் ஒதுங்கி உட்கார ஓர் இடம் இருக்கிறதா, குறும்பு செய்யும் பிள்ளையை டீச்சர் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதையெல்லாம் கவனியுங்கள். ஏசி வகுப்பறையும் ஸ்மார்ட் போர்டும் இந்தப் பட்டியலில் இல்லை.

உண்மையைச் சொல்லிச் சேர்ப்பதா, மறைத்துச் சேர்ப்பதா என்று கேட்பார்கள். சொல்லியே சேருங்கள். மறைத்தால் ஜூலையில் தெரிந்துவிடும், அதற்குள் டீச்சருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போயிருக்கும். சொல்லும்போது மருத்துவ ரிப்போர்ட் கட்டைக் கொடுக்காமல், ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: என் பெண்ணுக்குப் பிடித்தவை, தண்ணீர் வேண்டுமானால் எப்படிக் கேட்பாள், எந்தச் சத்தம் ஆகாது, அழுதால் எப்படிச் சமாதானம் ஆவாள், என்ன செய்தால் நிலைமை மோசமாகும், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும். டீச்சர்கள் அந்தப் பக்கத்தை மேஜையில் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் மாதம் தினம் ஒரு மணி நேரம், அடுத்த மாதம் இரண்டு மணி நேரம் என்று ஏற்ற அனுமதி கேளுங்கள். பள்ளி திறப்பதற்கு முன் காலி வகுப்பறையை இரண்டு முறை காட்டுங்கள். சீருடையை, குறிப்பாக டையையும் ஷூவையும், வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். பள்ளியில் ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் குழந்தையின் கூடவே உட்கார்ந்து உதவும் ஆள், வைக்கச் சொன்னால் சம்பளம் யார் தருவது, அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல ஷேடோ கொஞ்சம் கொஞ்சமாக விலகி உட்காருவார். வருடக் கடைசியிலும் குழந்தையின் தோளிலேயே கை வைத்திருந்தால், வகுப்பு டீச்சரும் மற்றப் பிள்ளைகளும் அந்தக் குழந்தையோடு பழக வழியே இல்லாமல் போய்விடும்.

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? கூட்டமும் சத்தமும் தினமும் வதைக்கிறது, கூட ஆளும் கிடைக்கவில்லை என்றால் சில வருடம் சிறப்புப் பள்ளியில் இருந்துவிட்டு மாறுவதில் தவறே இல்லை. மாறாமல் அங்கேயே நன்றாக வளர்கிற பிள்ளைகளும் உண்டு. பின்னால் என்ன ஆகும் என்ற கவலைக்கு: தமிழ்நாடு பாடத்திட்டத்தில் மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் இருக்கின்றன. என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். நான்கு வயதுப் பிள்ளைக்காக இன்றே அதை முடிவு செய்ய வேண்டியதில்லை.

எல்கேஜி சேர்ந்ததும் தெரபியைக் குறைக்க வேண்டி வரும். காலை பள்ளி, மதியம் ஸ்பீச், மாலை ஓடி, இரவு ஹோம்வொர்க் என்று ஒரு மூன்றரை வயதுக் குழந்தையால் முடியாது. பள்ளி தொடங்கும் காலாண்டில் வாரத்துக்கு இரண்டு மாலையாவது எதுவும் இல்லாமல் விடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தெரபிஸ்டோடும் பள்ளி டீச்சரோடும் தனித்தனியாகவாவது அரை மணி நேரம் உட்காருங்கள். மூன்று இலக்கில் எது முடிந்தது, எது பாதி, எது அசையவே இல்லை என்று குறியுங்கள். முடிந்ததை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். அசையாததை இன்னும் சின்னதாக உடையுங்கள்: 'பல் தேய்ப்பான்' என்பது 'பிரஷை வாயருகே கொண்டுவர விடுவான்' என்றாகட்டும். அடுத்த மூன்று மாதமும் அசையவில்லை என்றால் வழிமுறையையோ ஆளையோ மாற்ற வேண்டிய நேரம். "குழந்தைக்குத் திறமை இல்லை" என்ற பதிலை ஏற்க வேண்டாம். வேறு எப்படிச் சொல்லித் தரப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

அதே அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டுக் கணக்கையும் பாருங்கள். யார் கூட்டிப் போவது, யார் வேலையை விட்டிருக்கிறார், மூத்த பிள்ளைக்கு அம்மாவோடு தனியாக ஒரு மணி நேரமாவது கிடைக்கிறதா, தாத்தா பாட்டிக்குப் படம் காட்டிக் கேட்கத் தெரியுமா. அம்மா மட்டுமே எல்லா அமர்வுக்கும் ஓடுகிறார் என்றால் அடுத்த காலாண்டு அட்டவணையில் அப்பாவின் பெயரை இரண்டு நாளுக்கு எழுதுங்கள். அப்பா வெளியூரில் இருந்தால் சித்தியோ மாமாவோ யாராவது ஒருவர் பெயர் அங்கே வர வேண்டும். அவர்கள் முதல் முறை போகும் அமர்வுக்கு நீங்களும் உடன் சென்று, குழந்தை தண்ணீர் கேட்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்காருங்கள்.